சாரலும் துருவும்: வாப்பா காலத்துக் காரின் தகடுகளைக் காப்பது எப்படி?

குற்றாலத்துச் சாரல் சுற்றுலா வருவோருக்கு உல்லாசம். தென்காசியில் பழைய கார் வைத்திருப்போருக்கோ கவலை. ஜூன் முதல் செப்டம்பர் வரை செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் பருவக்காற்று, நாள் முழுதும் தூறலாய்ப் பொழிந்து இரும்புத் தகட்டை உலரவே விடுவதில்லை.

நம் இல்லங்கள் சிலவற்றில் வாப்பா வாங்கிய அம்பாசிடர் இன்னும் நிற்கிறது. மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடியொற்றிய அந்த வண்டியின் உற்பத்தி, வங்காளத்து உத்தர்பாரா ஆலையில் 2014 மே மாதம் நின்றுபோனது. அதன் கனத்த அசல் தகடுகள் இனி வார்த்துவரப் போவதில்லை. ஆயினும் கதவில் நான்கு கொப்புளங்கள் தோன்றியதும், "கதவையே மாற்றிவிடலாம்" என்றோ, "பட்டி பூசி மறைத்துவிடலாம்" என்றோ பட்டறையில் சொன்னால் நாம் தலையசைத்துவிடுகிறோம். அவசரப்படாதீர்கள்.

கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியே கதவினுள் மழைநீர் புகுவது இயல்பே. அது வெளியேறக் கதவின் அடியில் சிறு துளைகள் உண்டு. மண்ணும் சருகும் அவற்றை அடைத்தால் நீர் தேங்கி, தகட்டை உள்ளிருந்தே அரிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கொள்வதால் வர்ணத்தைத் தூக்குகிறது. அதாவது, கொப்புளம் கண்ணில் படும்போது உட்புறம் ஏற்கெனவே கெட்டிருக்கும். அதன்மேல் பூசும் பட்டி ஈரத்தை உறிஞ்சி, துருவுக்குத் துணைபோகும். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டின்மேல் நகர்த்திப் பாருங்கள். எங்கே பிடிக்கவில்லையோ அங்கே கனத்த பட்டி இருக்கிறது.

முறையான வேலை பொறுமை கேட்பது. பளபளக்கும் நல்ல இரும்பு தென்படும்வரை அரித்த பகுதியை மட்டும் வெட்ட வேண்டும். அட்டையில் அளவெடுத்து, அதே கனமுள்ள புதுத்தகட்டை வளைத்து ஒட்டுப்போட வேண்டும். ஒரே மூச்சில் நீளமாக வெல்டிங் செய்தால் சூட்டில் தகடு நெளியும். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி வைத்து, ஆறவிட்டு இணைப்பவரே கைதேர்ந்தவர். பின்னர் உட்புறம் இரும்புக் கட்டையைத் தாங்கி, வெளியே சுத்தியலால் தட்டிச் சமன்செய்தால், மேலே மெல்லிய பூச்சளவு பட்டியே போதும்.

கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டித் தகட்டில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை தேவை. அம்பாசிடருக்குத் தனி அடிச்சட்டம் கிடையாது. மேற்கூடே பாரத்தைத் தாங்குகிறது. முட்டுக் கொடுக்காமல் அதை வெட்டினால் வண்டி தொய்ந்து, கதவுகள் மூடாமற் போகும். பெட்ரோல் தொட்டியின் அருகே வெல்டிங் என்றால் அதைக் கழற்றி அப்புறப்படுத்தாமல் தொடங்கவே விடாதீர்கள்.

சட்டமும் அசலையே மதிக்கிறது. 2021இல் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து, மேற்கூட்டிலும் எஞ்சினிலும் பெருமாற்றமின்றிப் பேணப்பட்ட வண்டிக்கே 'விண்டேஜ்' பதிவு கிட்டும். ஆனால் அப்படிப் பதிந்த காரை அன்றாடப் பயணத்திற்கு ஓட்ட இயலாது. கடைவீதிக்குப் போக நினைப்போர் அதை நாடாதிருப்பதே நலம்.

வேலையைச் சாரல் காலத்தில் ஒப்படைக்காதீர்கள். தேய்த்த தகடு அந்த ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே துருவேறும். வடகிழக்குப் பருவமழையும் ஓய்ந்தபின், மாசி, பங்குனியில் செய்வது உகந்தது. தேய்த்த அன்றே பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். அதுவரை, வாரம் ஒருமுறை ஓர் ஈர்க்குச்சியால் கதவடித் துளைகளைக் குத்தி விடுங்கள்.