எட்டு வரை எண்ணத் தெரியுமா?

எட்டு வரை எண்ணத் தெரியுமா என்று உங்களைக் கேட்டால், "இதென்ன கேள்வி!" என்று சிரிப்பீர்கள். பால் கணக்கிலிருந்து சீட்டுக் கணக்கு வரை விரல் நுனியில் வைத்திருப்பவர்களிடம் போய் இப்படிக் கேட்கலாமா? ஆனால் ஜப்பானில் சுமோ மல்யுத்தப் பந்தயம் பார்க்கப் போகிறவர்களுக்கு முதல் பாடம் இதுதான். எட்டு வரை எண்ணக் கற்றுக்கொண்டவர்தான் அங்கே உண்மையான ரசிகர்.

சுமோ என்றதும் நம் மனக்கண் முன் என்ன வருகிறது? மலை போன்ற இரண்டு மனிதர்கள். இடுப்பில் ஒரு கச்சை, தலையில் எண்ணெய் தடவி வாரி முடிந்த குடுமி. ஒருவரை ஒருவர் முட்டித் தள்ளுகிறார்கள். "இதைப் பதினைந்து நாள் உட்கார்ந்து பார்க்கிறார்களாமே, என்ன ரசனையோ!" என்று தோன்றுகிறதல்லவா? ஒரு நாள் மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பதினைந்து நாளும் தொடர்ந்து பார்த்தால்தான் அதன் ருசி தெரியும். தொடர்கதையில் ஒரே ஒரு அத்தியாயத்தைப் படித்துவிட்டு, "கதை ஒன்றும் சுகமில்லை" என்று சொல்லலாமா?

இரண்டே விதிகள்

ஆட்டத்தின் விதியைப் புரிந்துகொள்ள இரண்டு நிமிஷம் போதும். களிமண்ணால் கெட்டித்த உயரமான மேடை. அதன்மேல் வைக்கோல் பிரிகளைப் பதித்து அமைத்த வட்டம். குறுக்களவு 4.55 மீட்டர்தான், நம் வீட்டுக் கூடத்தைவிடப் பெரிதல்ல. வட்டத்துக்கு வெளியே முதலில் கால் வைத்தவர் தோற்றார். உள்ளங்காலைத் தவிர உடம்பின் வேறு எந்தப் பகுதியாவது முதலில் தரையைத் தொட்டாலும் தோல்விதான். எடை வாரியாகப் பிரிக்கும் வழக்கம் இல்லை. நூறு கிலோ மனிதர் இருநூறு கிலோ மனிதரோடு மோதியாக வேண்டும்.

மேடையேறியவர்கள் உடனே பாய்ந்துவிடுவதில்லை. கை நிறைய உப்பை அள்ளி வீசி மேடையைச் சுத்தி செய்கிறார்கள். காலை உயரத் தூக்கித் தரையில் ஓங்கி வைக்கிறார்கள். குந்தி உட்கார்ந்து ஒருவரை ஒருவர் முறைக்கிறார்கள். எழுந்து போய் மறுபடி உப்பு எடுக்கிறார்கள். உயர் பிரிவில் இதற்கு நான்கு நிமிஷம் அவகாசம். மணி அடிப்பதில்லை, விசில் ஊதுவதில்லை. இருவர் கைகளும் தரையைத் தொட்டு, இருவர் மூச்சும் ஒன்றுபடும் அந்தக் கணத்தில் மோதல். பெரும்பாலும் சில விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடும். அந்த நேரத்தில் தும்மிவிட்டீர்களானால், பக்கத்திலிருப்பவரைத்தான் கேட்க வேண்டும்.

பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும்

வருஷத்துக்கு ஆறு பெரும் பந்தயங்கள். ஜனவரி, மே, செப்டம்பரில் தோக்கியோவின் ரியோகோகு மண்டபத்தில், மார்ச்சில் ஒசாகா, ஜூலையில் நகோயா, நவம்பரில் ஃபுகுவோகா. ஒவ்வொன்றும் ஒரு ஞாயிறு தொடங்கி மூன்றாவது ஞாயிறு வரை பதினைந்து நாள். உயர் இரு பிரிவுகளில் இருப்பவர் தினம் ஒருவரோடு, பதினைந்து பேருடன் மோத வேண்டும்.

அதிக வெற்றி பெற்றவருக்குச் சக்கரவர்த்தியின் கோப்பை. ஆனால் கோப்பை ஒருவருக்குத்தானே? மற்றவர்களுக்கு என்ன இருக்கிறது? இங்கேதான் நம் எட்டு வருகிறது. பதினைந்தில் எட்டு ஜெயித்தால் 'காச்சி-கோஷி'; அதாவது வெற்றி விஞ்சியது. அநேகமாக அடுத்த பந்தயத்தில் பதவி உயரும். ஏழோடு நின்றால் 'மாகே-கோஷி', பதவி இறங்கும்.

இந்தப் பதவிகளையெல்லாம் 'பான்சுகே' என்னும் ஒரே தாளில் எழுதிவிடுகிறார்கள். நடுவர்களில் ஒருவர் தூரிகையால் கையாலேயே எழுதி, அதைச் சிறிதாக்கி அச்சிடுகிறார்கள். வழக்கமாகப் பந்தயத்துக்கு 13 நாள் முன்னதாக வெளிவரும் இந்தத் தாளுக்கு ரசிகர்கள் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதுபோல் காத்திருக்கிறார்கள். உச்சியில் 'யோகோசுனா' என்னும் மகா மல்லரின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். கீழே போகப் போக எழுத்து சிறுத்து, கடைசி வரிசையில் மயிரிழை ஆகிவிடும். அந்த வரிசைக்காரர்களுக்கு 'பூதக்கண்ணாடி' என்றே செல்லப் பெயர்!

எழுத்து மட்டுமா சிறுக்கிறது? வாழ்க்கையும் சிறுக்கிறது. மேல் பிரிவில் 42 பேர், அடுத்ததில் 28 பேர். இந்த 70 பேருக்குத்தான் மாதச் சம்பளம். இரண்டாம் பிரிவினருக்கு 2019-ல் நிர்ணயித்த தொகை மாதம் 11 லட்சம் யென். அதற்கு ஒரு படி கீழே சம்பளமே கிடையாது. பந்தயத்துக்குப் பந்தயம் ஒரு சிறு படித்தொகைதான். மேலே இருப்பவருக்குப் பட்டுக் கச்சை, கூடவே எடுபிடி ஆட்கள். கீழே இருப்பவருக்குக் கறுப்புப் பருத்திக் கச்சை. சமைப்பதும் பெருக்குவதும் அவர் வேலை. இந்த இரண்டு வாழ்க்கைக்கும் நடுவில் சில சமயம் ஒரே ஒரு வெற்றிதான் நிற்கிறது.

அந்த ஒரு வெற்றிக்காகத் தவறு செய்தவர்களும் உண்டு. தேவைப்பட்டவருக்கு விட்டுக்கொடுப்பதும், பிறகு அதைத் திருப்பி வாங்கிக்கொள்வதுமாகச் சிலர் பேரம் பேசிய விஷயம், போலீஸார் கைப்பற்றிய கைப்பேசிச் செய்திகளிலிருந்து வெளிவந்தது. 2011 மார்ச் பந்தயமே ரத்தாயிற்று. பல மல்லர்கள் விலக நேர்ந்தது. ரசிகர்கள் பட்ட வேதனை சொல்லி முடியாது. எண்ணிக்கையே பொய் என்றால், எதை எண்ணுவது?

ஏழில் நின்றவர்

என்ஹோ என்று ஒரு சின்ன மல்லர். உயரம் 168 சென்டிமீட்டர், எடை நூறு கிலோவுக்கும் குறைவு. 2019 மே மாதம் அவர் முதன்முதலாக உயர் பிரிவில் கால் வைத்தபோது, மலைகளுக்கு நடுவே முயல் புகுந்ததுபோல் இருந்தது. பெரியவர்களின் கைக்கு அடியில் நுழைவார், கச்சையைப் பற்றுவார், சுழற்றி விடுவார். அரங்கம் அதிரும். முதல் பத்து நாளில் ஏழு வெற்றி! இன்னும் ஐந்து நாள் இருக்கிறது, வேண்டியதோ ஒன்றே ஒன்று. பதினோராம் நாள் தோற்றார். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு... கடைசி நாளும் தோற்றார். ஏழோடு நின்றது கணக்கு.

அந்த ஐந்து நாளும் அவருடைய ரசிகைகளுக்குச் சாப்பாடு இறங்கியிருக்குமா? ஆனால் அடுத்த ஜூலைப் பந்தயத்தில் அதே மனிதர் ஒன்பது வெற்றி பெற்று, நுட்பத்துக்கான பரிசையும் தட்டிக்கொண்டார். சாம்பியன் பட்டம் வேறு யாருக்கோ போனது. என்ஹோவை எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கு அதைப் பற்றி என்ன கவலை?

பாதாளத்திலிருந்து

இன்னொருவர் தெருனோஃபுஜி, மங்கோலியாவிலிருந்து வந்தவர். 2015-ல் கோப்பையை வென்று, உச்சிக்கு அடுத்த 'ஓசெகி' பதவியை அடைந்தார். பிறகு முழங்கால்கள் கெட்டன, நீரிழிவும் சேர்ந்துகொண்டது. பந்தயத்துக்கு வராவிட்டால் அதுவும் தோல்விக் கணக்குத்தான். படிப்படியாக இறங்கி, 2019 மார்ச்சில் ஆறு பிரிவுகளில் ஐந்தாவதான 'ஜோனிடான்' பிரிவில் போய் நின்றார். ஓசெகியாக இருந்தவர் அவ்வளவு கீழே போனது அதற்குமுன் நடந்ததில்லை. சம்பளம் போயிற்று, பட்டுக் கச்சை போயிற்று. விலகிவிடுகிறேன் என்று குருவிடம் பல முறை கேட்டுக்கொண்டார். முதலில் உடம்பைத் தேற்றிக்கொள், பிறகு பேசலாம் என்று குரு தடுத்துவிட்டார்.

கீழ்ப் பிரிவுகளில் பந்தயத்துக்கு ஏழு மோதல்கள்தான். நான்கு ஜெயித்தால் போதும். திரும்பி வந்த அந்த மாதம் அவர் ஏழிலும் ஜெயித்தார். அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறி, 2020 ஜூலையில் உயர் பிரிவுக்குத் திரும்பினார். திரும்பிய அதே பந்தயத்தில் கோப்பையை வென்றார்! கொரோனா காலம்; 11,000 பேர் கொள்ளும் மண்டபத்தில் நாளொன்றுக்கு 2,500 பேருக்குத்தான் அனுமதி. வாய்விட்டுக் கத்தவும் கூடாது. ரசிகர்கள் முகமூடிக்குள் அழுதுகொண்டு கை தட்டினார்கள். 2021-ல் அவர் யோகோசுனா ஆனார். பத்துக் கோப்பைகளுடன் 2025 ஜனவரியில் ஓய்வு பெற்றார்.

பெண்களுக்கு எங்கே இடம்?

மல்லர்கள் குருவின் இல்லத்தில் கூட்டாக வாழ்கிறார்கள். பதினைந்து வயதில் வீட்டை விட்டு வந்த பையன்களும் அங்கே உண்டு. அவர்களுக்குத் தாய் ஸ்தானத்தில் இருப்பவர் குருவின் மனைவி. 'ஒகாமி-சான்' என்று மரியாதையாக அழைப்பார்கள். கணக்கு வழக்கு, ஆதரவாளர்களுக்குக் கடிதம், காயம் பட்டவனுக்கு ஆறுதல் எல்லாம் அவர் பொறுப்பு. பார்க்க வருகிறவர்களிலும் பெண்கள் ஏராளம். 'சூ-ஜோ', அதாவது சுமோப் பெண்கள் என்று அவர்களுக்கு ஒரு பெயரே வந்துவிட்டது.

ஆனால் தொழில்முறை சுமோவில் அந்த மண்மேடைமீது மட்டும் பெண் கால் வைக்கக் கூடாது என்பது சம்பிரதாயம். 2018 ஏப்ரலில் மாய்சுரு நகரில் நடந்ததைக் கேளுங்கள். மேடையில் பேசிக்கொண்டிருந்த மேயர் மயங்கி விழுந்தார். கூட்டத்திலிருந்த பெண்கள் ஓடிப்போய் நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்தார்கள். அப்போது ஒலிபெருக்கியில், பெண்கள் மேடையை விட்டு இறங்கவும் என்று நடுவர் ஒருவர் திரும்பத் திரும்ப அறிவித்தார்! உயிரைவிடச் சம்பிரதாயம் பெரிதா என்று நாடே கொதித்தது. சங்கத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். சில நாளிலேயே தகாராசுகா நகரின் பெண் மேயர் தோமோகோ நககாவா மேடைமீது நின்று வரவேற்புரை சொல்ல அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. கீழே நின்றே பேசினார், தம் வருத்தத்தையும் சேர்த்து.

கடைசி நாளில் பிரதமர் கோப்பையைப் பிரதமரோ அவர் பிரதிநிதியோ மேடையேறித்தான் வழங்குவார்கள். 2025 அக்டோபரில் சனாயே தகாய்ச்சி ஜப்பானின் முதல் பெண் பிரதமரானார். கேள்வி மறுபடி எழுந்துவிட்டது. ரசிகைகள் மேடைக்குக் கீழே இருந்தபடி இந்தக் கணக்கையும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பதினைந்தாம் நாள்

நீங்களும் எண்ணிப் பார்க்க ஆசைப்பட்டால் அது ஒன்றும் கஷ்டமில்லை. உயர் பிரிவு மோதல்கள் நம் கடிகாரத்தில் பகல் பன்னிரண்டரை மணி சுமாருக்குத் தொடங்கி இரண்டரைக்குள் முடிந்துவிடுகின்றன. ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. வெளிநாட்டாருக்காக அன்றன்றைய முக்கிய மோதல்களை ஆங்கிலத்தில் தொகுத்தும் காட்டுகிறது. சமையலறையை ஒழித்துவிட்டு உட்கார வசதியான நேரந்தான்.

ஒரு யோசனை சொல்கிறேன். உச்சியில் இருப்பவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவருக்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பட்டியலின் நடுவில், ஒரு முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வருகிற யாராவது ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். தினம் ஒரு சின்ன வட்டம் போடுங்கள். ஜெயித்தால் வெள்ளை, தோற்றால் கறுப்பு. ஜப்பானிலும் அப்படித்தான் குறிக்கிறார்கள்.

பதினான்காம் நாள் முடியும்போது உங்கள் காகிதத்தில் ஏழு வெள்ளையும் ஏழு கறுப்பும் இருந்தால், அன்று இரவு உங்களுக்குத் தூக்கம் வராது. மறுநாள் அவர் உப்பை அள்ளி வீசும்போது, "எட்டு, எட்டு" என்று உங்கள் உதடு தானாக முணுமுணுக்கும். அப்போது நீங்கள் சுமோ ரசிகை ஆகிவிட்டீர்கள் என்று அர்த்தம்.