ஜிப்ஸியின் வயிற்றில் ஒரு பெட்டி

போன அக்டோபரில் எங்கள் வீட்டு வாசலில் நான்கைந்து நாட்கள் ஜிப்ஸி கிடந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, டேராடூன் தமிழன்பர்கள் பலர், "என்ன சார், பழைய இரும்புக்குப் போட்டுவிட்டீர்களா?" என்று விசாரித்தார்கள். ஒவ்வொருவருக்கும் கதை சொல்லிச் சொல்லி என் மனைவிக்கு அலுத்துவிட்டது. "பேசாம நம்ம சங்கப் பத்திரிகையில எழுதிடுங்க. ஆனா அந்தச் செங்கல் விஷயத்தை மறைக்காம எழுதணும்" என்றாள். மறைக்காமல் எழுதுகிறேன்.

வண்டி 1999-ஆம் வருட மாடல், 1.3 லிட்டர் என்ஜின். 2004-ல் செகண்ட் ஹாண்டாக வாங்கினேன். சக்ராதா மலைப்பாதையில் என் பையன் வாந்தி எடுத்ததும், பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்டதும் இதில்தான். 1985-ல் வந்த ஜிப்ஸியின் விற்பனையைக் கம்பெனி 2019-ல் நிறுத்திவிட்டது. அதனால் இருப்பதை விட மனசில்லை. இருந்தாலும் கோடைக்குப் பிறகு அடியிலிருந்து 'ஊ' என்று ஓர் அழுகை. வேகம் கூடக்கூட அழுகையும் கூடியது. நிறுத்தும் இடத்திலெல்லாம் தரையில் கறுப்பாக எண்ணெய்ப் பொட்டு. ஒரு பட்டறையில் காட்டினேன். குனிந்துகூடப் பார்க்காமல், "ட்ரான்ஸ்ஃபர் கேஸ் போச்சு, மொத்தமாக மாற்ற வேண்டும்" என்று ஒரு தொகை சொன்னார்கள். வண்டியை விற்றால்கூட அவ்வளவு வராது.

இந்த ட்ரான்ஸ்ஃபர் கேஸ் என்பது கியர்பாக்ஸிலிருந்து வரும் சக்தியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கும் இரும்புப் பெட்டி. பல ஜீப்புகளில் அது கியர்பாக்ஸின் வாலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ஜிப்ஸியிலோ தனிக்குடித்தனம்! வண்டியின் நடுவயிற்றில், மூன்று ரப்பர் மவுண்ட்டுகளில் தொங்குகிறது. கியர்பாக்ஸிலிருந்து ஒரு குட்டைத் தண்டு அதற்குள் வரும். அதிலிருந்து ஒரு தண்டு முன்னால் போகும், இன்னொன்று பின்னால் போகும். நான்கு சக்கர ஓட்டம் தேவைப்படும்போது மட்டும்தான் இது வேலை செய்கிறது என்று நானும் பதினைந்து வருஷம் நினைத்திருந்தேன். தப்பு. சாதாரண ரோட்டில் இரண்டு சக்கரத்தில் போனாலும் சக்தி இதன் பல்சக்கரங்கள் வழியாகத்தான் போக வேண்டும். அதற்கு வேண்டிய எண்ணெய் ஒரு லிட்டருக்கும் குறைவு. அதுவும் சொட்டிப் போய்விட்டால் பேரிங் அழாமல் என்ன செய்யும்?

பையன் பெங்களூரிலிருந்து பத்து நாள் லீவில் வந்திருந்தான். "நாமளே இறக்கிடலாம்ப்பா. கியர்பாக்ஸைத் தொடவே வேண்டாம். சீலும் பேரிங்கும் மாத்தினா போதும்" என்றான். 2021-ல் எனக்கு பைபாஸ் ஆனதிலிருந்து கனமானது எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. எனவே நான் முக்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை, அவன் அடியில் படுத்து வேலை என்று ஏற்பாடு. மேற்பார்வையாளர்கள் எப்போதுமே அவசரக்காரர்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

முதல் நாள் சுலபமாகப் போயிற்று. மிச்சம் இருந்த எண்ணெயை வடித்தோம். ஒரு டம்ளர்கூடத் தேறவில்லை. ஸ்பீடாமீட்டர் கேபிளையும், நான்கு சக்கர விளக்குக்குப் போகும் ஒயரையும் எடுத்தான். உள்ளே தரையில் ரப்பர் உறையை விலக்கி, கைப்பிடிக் கம்பியைக் கழற்றினோம். மூன்று தண்டுகளையும் பிரிப்பதற்கு முன்னால், ஒவ்வொரு பிளேஞ்ச் ஜோடியிலும் வெள்ளைப் பெயிண்ட்டால் ஒரு கோடு போட்டான். பூட்டும்போது கோடும் கோடும் சேர்ந்தால், தண்டு பழகிய இடத்திலேயே உட்காரும். இல்லாவிட்டால் வண்டி அதிரலாம். இது எனக்குத் தோன்றியிருக்காது. தண்டுகளை எடுத்துவிட்டால், கியரில் போட்டு நிறுத்தினாலும் வண்டி நிற்காது என்பதும் தோன்றவில்லை. எங்கள் சந்தோ சரிவு. நல்லவேளையாக அவன் முன்னதாகவே சக்கரங்களுக்கு அணை கொடுத்திருந்தான்.

இரண்டாம் நாள்தான் பெட்டி முரண்டு பிடித்தது. இரண்டு மவுண்ட்டுகளின் போல்ட்டு வந்துவிட்டது. மூன்றாவதில் நட்டு கழன்றது, போல்ட்டு வரவில்லை. ரப்பருக்குள் இருக்கும் இரும்புக் குழாயோடு சேர்ந்து துருப்பிடித்து ஒன்றாகிவிட்டது. துரு நீக்கும் எண்ணெய் அடித்தான், சுத்தியலால் தட்டினான், திருகினான். போல்ட்டோடு ரப்பரும் சேர்ந்து முறுக்கிக்கொண்டு, விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பியது.

இங்கே செங்கல் வருகிறது. அடியில் படுக்க வசதியாக இருக்கட்டும் என்று, ஸ்க்ரூ ஜாக்கியால் பின்பக்கத்தைத் தூக்கி, சேஸிஸுக்கு அடியில் செங்கல் அடுக்கச் சொன்னவன் நான். "வேண்டாம்ப்பா, ஸ்டாண்டு வாடகைக்கு எடுக்கலாம்" என்று அவன் சொன்னதற்கு, "ஒரு மணி நேர வேலைக்கு வாடகையா?" என்று கேட்டவனும் நான். கைப்பிடி இருந்த ஓட்டை வழியாகக் கடப்பாரையை விட்டு மேலிருந்து நெம்பினால் பெட்டி இறங்கிவிடும் என்று எனக்குள் ஒரு யோசனை. அப்போது என் மனைவி வாசலில் நின்று, "காபி ஆறுது" என்று குரல் கொடுத்தாள். பையன், "நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே நழுவி வந்தான். அவன் டம்ளரை வாங்குவதற்குள் நான் வண்டிக்குள் ஏறி ஒரே நெம்பு.

பெட்டி அசையவில்லை. வண்டி அசைந்தது. செங்கல் 'படக்'கென்று பிளந்து, ஜிப்ஸி ஒரு சாண் இறங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. இறங்கி வந்து குனிந்து பார்த்தேன். கீழே விரித்திருந்த அட்டையில், அவன் படுத்திருந்த இடத்துக்கு நேர் மேலே, நெஞ்சு உயரத்தில் பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது.

என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போய்விட்டாள். பையனும் பேசவில்லை. அன்று இரவு சாப்பாடு எப்படி இறங்கியது என்று எழுத வேண்டியதில்லை.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு 'ஃபௌஜி சாஹப்' தானாகவே வந்தார். ராணுவத்தில் வண்டிகளைப் பழுது பார்த்து ரிடையரான கர்வாலி. உடைந்த செங்கலைக் காலால் தள்ளிவிட்டு, "பாயி சாஹப், யஹ் தீவார் கே லியே ஹை" என்றார். செங்கல் சுவர் எழுப்பத்தானாம். வண்டியைக் கீழே இறக்கச் சொன்னார். அரை அடி கனமுள்ள மரக்கட்டைகளை நான்கு சக்கரங்களுக்கும் அடியில் ஒவ்வொன்றாக வைத்து, முன்னும் பின்னும் அணை கொடுத்தார். இப்போது வண்டி தன் சொந்தக் காலில் நின்றது. ஜாக்கிக்குத் தாங்கும் வேலையே இல்லை.

பிறகு பிடிவாத போல்ட்டைக் கொஞ்ச நேரம் டார்ச் அடித்துப் பார்த்தார். நெருப்பு வைக்கலாமா என்று நான் கேட்டதற்கு, ரப்பரையும், பக்கத்தில் ஓடும் பெட்ரோல் குழாயையும் விரலால் சுட்டிக் காட்டினார். வாயை மூடிக்கொண்டேன். அவர் செய்தது இவ்வளவுதான்: அந்தப் போல்ட்டை அப்படியே விட்டுவிட்டு, மவுண்ட்டை சேஸிஸோடு பிணைக்கும் போல்ட்டுகளைக் காட்டி, "இதைக் கழற்று" என்றார். ஒயர் பிரஷ்ஷால் சேற்றைத் தேய்த்ததும் அவை பளிச்சென்று தெரிந்தன. கால் மணியில் கழன்றன. பிடிவாதக்காரனைத் தனியாக அழைக்காமல் குடும்பத்தோடு அழைத்த மாதிரி, ரப்பரும் மவுண்ட்டும் ஒட்டிக்கொண்டபடியே பெட்டி வர வேண்டியதுதான்.

ஆனாலும் கனம் கனம்தான். மல்லாந்து படுத்து நெஞ்சில் தாங்குகிற சமாசாரம் அல்ல. அடியில் உருளும் ஜாக்கியும் அதன்மேல் ஒரு பலகையும் வைத்தார்கள். கூடவே, கைப்பிடி ஓட்டை வழியாக ஒரு கயிற்றை விட்டுப் பெட்டியைச் சுற்றிக் கட்டி, மேலே தரையில் குறுக்கே போட்ட இரும்புக் குழாயில் இரண்டு சுற்றுச் சுற்றினார் ஃபௌஜி சாஹப். பையன் கீழே படுக்காமல் பக்கவாட்டிலிருந்து ஜாக்கியை இறக்க, அவர் கயிற்றை விரல் விரலாகத் தளர்த்தினார். எனக்கு டார்ச் பிடிக்கும் உத்தியோகம். பெட்டி சத்தமில்லாமல் தரையில் உட்கார்ந்தது.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பின்பக்க சீல் கிழிந்திருந்தது. ஒரு பேரிங் அம்மைத் தழும்பாக இருந்தது. பல்சக்கரங்கள் நன்றாகவே இருந்தன. சாமான்கள் தில்லி காஷ்மீரி கேட்டிலிருந்து வந்தன. மவுண்ட்டுகள் மூன்றையும் மாற்றினோம். அந்தப் போல்ட்டைக் கடைசியில் லேத் கடைக்காரர்தான் அறுத்து எடுத்தார். பூட்டும்போது போல்ட்டுகளுக்கு கிரீஸ் தடவச் சொன்னாள் என் மனைவி. எங்களோடு அவள் பேசிய முதல் வார்த்தை அது.

லீவின் கடைசி நாள் மூவரும் மசூரி போய் வந்தோம். அழுகை இல்லை. வாசலில் பொட்டும் இல்லை. பையன் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்தால், முன்பெல்லாம் "சாப்பிட்டாச்சா?" என்பதோடு எங்கள் பேச்சு முடிந்துவிடும். இப்போது, "ஆயில் லெவல் பாத்தீங்களா?" என்று கேட்கிறான். மேல் திருகைக் கழற்றி, ஓட்டையின் விளிம்பு வரை எண்ணெய் நிற்கிறதா என்று விரல் விட்டுப் பார்க்க வேண்டும். "பார்த்தேன்" என்கிறேன். உடனே, "வண்டி தரையிலதானே நிக்குது?" என்று அடுத்த கேள்வி.