அடுக்களையில் இலக்கத் தராசு

சான்றோரின் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமையாக்கினார் வள்ளுவர். ஒரு தட்டிலுள்ள பொருளை மறுதட்டிலுள்ள படிக்கல்லோடு ஒப்பிடுவதே அக்கோலின் தொழில். புவியீர்ப்புக் கூடினும் குறையினும் இரு தட்டுக்களையும் அஃது ஒருங்கே தாக்குமாதலின் தீர்ப்பு மாறுவதில்லை. இன்று அடுக்களைகளிற் காணப்படும் இலக்கத் தராசுக்கோ ஒரு தட்டே உண்டு. மறுதட்டும் படிக்கல்லும் எங்கே சென்றன என்பதை அறிந்தவரே அத்தராசைத் தெரிந்து வாங்கவும், பிழைக்குங்காற் திருத்தவும் வல்லவராவர்.

சுண்டும் பேணியும் கரண்டியும் இருக்க நிறுக்கத்தான் வேண்டுமோ என வினவுவார் உளர். சோற்றுக்கும் கறிக்கும் வேண்டியதில்லை. பழகிய கையின் பக்குவத்தை எக்கருவியும் வெல்லாது. மாவின் செய்தி வேறு. அரித்து மெல்லச் சொரிந்த கோதுமைமா ஒரு கோப்பை ஏறத்தாழ 120 கிராம் நிற்கும். அதே கோப்பையைப் பையினுள் அமிழ்த்தி அள்ளினால் 150 கிராம் வரை ஏறும். கேக் கல்லாகிப்போவதற்கு இக் காற்பங்கு வேறுபாடே போதும். பழியோ அடுப்பின்மேல் விழும்.

தராசின் தட்டுக்குக் கீழே ஓர் உலோகச் சட்டம் உண்டு. சுமை ஏறியதும் அது கண்ணுக்குப் புலனாகாத அளவு வளையும். அதன்மேல் ஒட்டப்பட்ட நுண்ணிய உலோக இழைகள் நீளுமிடத்து அவற்றின் மின்தடை கூடும், சுருங்குமிடத்துக் குறையும். இழுக்கப்பட்ட கம்பியின் தடை மாறுமென்பதைப் பின்னாளிற் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தொம்சன் 1856 இல் அறிவித்தார். ஒட்டிப் பயன்படுத்தும் விகாரமானியை 1938 அளவில் அமெரிக்காவில் சிமன்ஸ், றூஜ் என்னும் இருவர் தனித்தனியே ஆக்கினர். தடையின் சிறு மாற்றத்தை அளந்தறிவது, மாணவர் ஆய்வுகூடத்திற் கண்டு சலித்த வீற்ஸ்ரன் பாலமேயாம்.

ஆகவே இத்தராசு உணர்வது திணிவையன்று, நிறையை. இலண்டனிற் புவியீர்ப்பு ஆர்முடுகல் ஏறத்தாழ 9.81, யாழ்ப்பாணத்தில் 9.78. அங்கு அளவுகோடிட்ட தராசை இங்குக் கொணர்ந்தால், ஒரு கிலோகிராம் சீனி 997 கிராம் என்றே காட்டப்படும். சமையலுக்கு இம்மூன்று கிராம் ஒரு பொருட்டன்று. கடைக்காரர் குறைத்து நிறுத்தார் எனக் கூறப் புகுவோருக்கோ அது பெரிய பொருட்டு. ஒருவரின் நாணயத்தை ஐயுறுமுன் வீட்டுத் தராசை ஐயுறுதல் முறை.

வாங்குவோர் பெரிதும் மயங்குமிடம் ஒன்றுண்டு. ஒரு கிராம் படியாகக் காட்டுவது வேறு. ஒரு கிராமுக்குச் சரியாகக் காட்டுவது வேறு. முன்னது திரையின் நுணுக்கம், பின்னது கருவியின் உண்மை. பெட்டியில் அச்சிடப்படுவது பெரும்பாலும் முன்னதே. ஒரு கிராம் படியுள்ள ஐந்து கிலோகிராம் தராசு மாவுக்கும் சீனிக்கும் நன்று. பாணுக்கு வேண்டிய 7 கிராம் ஈஸ்றை அதில் நிறுத்தால், எண்ணை முழுமையாக்குவதில் மாத்திரம் அரைக் கிராம், அதாவது நூற்றுக்கு ஏழு, தவறக்கூடும். இதற்கு 0.1 கிராம் காட்டும் சிறு தராசு தனியே வேண்டும். இன்றேற் கரைசலாக்கிப் பகிரலாம்: ஒரு கிராம் உப்பு வேண்டின், 10 கிராமைக் கரைத்து 100 மில்லிலீற்றர் ஆக்கி, அதிற் பத்திலொன்றை எடுத்தல் போதும்.

பாத்திரத்தை மறைத்துப் பூச்சியமாக்கும் பொத்தான் எல்லாவற்றிலும் உண்டு, பெருவசதியே. ஆயினும் பல தராசுகள் பூச்சியத்தினருகே நிகழும் சிறு அசைவுகளைத் தாமாகவே பூச்சியமாக்கிக்கொள்வன. பொத்தானை அமுக்கியபின் ஈஸ்றைச் சிறிது சிறிதாகத் தூவினால் முதலில் விழுந்தது கணக்கில் வாராது போகலாம். வேறொரு சிறுகிண்ணத்தில் இட்டு, ஒருங்கே தட்டில் வைத்தலே தக்கது. கொதிக்கும் சட்டியையும் தட்டில் வைத்தலாகாது. வெப்பமும் இழையின் தடையை மாற்றும்.

படிக்கல் இல்லாமலே செய்யத்தக்க சோதனைகள் உள. இரு பொதிகளைத் தனித்தனியே நிறுத்துக் கூட்டுக. பின் இரண்டையும் ஒருங்கே நிறுக்க. விடைகள் ஒரு கிராமுக்கு மேல் வேறுபட்டால் தராசு நேர்விகிதத்தில் இயங்கவில்லை எனலாம். ஒரே பொதியைத் தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பார்க்க. ஒரு லீற்றர் நீரும் உதவும். ஆனால் 30 பாகை செல்சியசில் அஃது ஏறத்தாழ 995 கிராமே நிற்கும். அளக்கும் குவளையின் பிழை இதனினும் மிகும். பெரும்பிழையைக் கண்டறிய மாத்திரமே நீர் ஏற்றது.

அளவுகோடிடுதற்கு உண்மையான படிக்கல்லே வேண்டும். எம் 1 வகுப்பைச் சார்ந்த ஒரு கிலோகிராம் படியில் அனுமதிக்கப்படும் பிழை 50 மில்லிகிராம். அடுக்களைக்கு இது தாராளம். கையேட்டில் அளவுகோடிடும் முறை கூறப்படாத தராசுகளும் உள. அவற்றின் பிழையைக் குறித்துவைத்துக் கழித்துக்கொள்ள வேண்டியதே. முறையுள்ளதாயின், தராசை மட்டமான கல்மேசையில் வைத்து, மின்விசிறியை நிறுத்தி, மின்கலம் தளராதிருத்தலை உறுதிசெய்து, கையேடு கேட்கும் படியை நடுவில் வைத்தல் வேண்டும். படிக்கல்லுக்கு மாற்றாகக் கடைச் சீனிப்பொதியை வைப்பார் சிலர். பொதியில் அச்சிட்ட எண் உறையை நீக்கிய நிறை. அதுவும் பொதிக்குப் பொதி சிறிது மாறும். அப்பொதியின் பிழை அன்றுமுதல் அத்தராசில் நிறுக்கப்படும் ஒவ்வொரு பொருளிலும் ஏறிவிடும்.