அப்பா, இன்னிக்கு நீங்க ஜெபம் பண்ணுங்க!

உங்களுக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக் கொடுத்தது யாரு? அப்பா. காலேஜ் அட்மிஷனுக்கு கால்கடுக்க நின்னது? அப்பா. சரி, ஜெபம் பண்ணக் கத்துக் கொடுத்தது? 'அம்மா'னு சொல்றீங்களா? கையைக் கொடுங்க, நீங்க நம்ம கட்சி!

எங்க ஊர் ஆனைக்குட்டம். விருதுநகர் மாவட்டத்துல, அர்ஜுனா நதியில அணை இருக்கிற ஊர். சுத்துப்பட்டு முழுக்க பட்டாசு வேலைதான். எங்க வீட்ல ராத்திரி எட்டு மணிக்கு குடும்ப ஜெபம். பாட்டு அம்மா, பைபிள் வாசிப்பு தங்கச்சி, ஜெபம் மறுபடியும் அம்மா. அப்பா? டி.வி. முன்னாடி! கேட்டா, "அதெல்லாம் அம்மா பாத்துக்குவா"ம்பார். ஃபீஸ் அப்பா டிபார்ட்மென்ட், ஜெபம் அம்மா டிபார்ட்மென்ட்!

லூத்தர் கொடுத்த ஹோம்வொர்க்

ஆனா, ஆரம்பத்துல இது அப்படி இல்லீங்க. 1529-ல் மார்ட்டின் லூத்தர் சின்ன ஞானோபதேசப் புத்தகம் எழுதினப்போ, குடும்பத் தலைவர் இதைத் தன் வீட்டாருக்கு எளிமையா சொல்லித் தரணும்னு தலைப்பிலேயே போட்டுட்டார். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு அந்தப் புத்தகத்தைத் தமிழாக்கினார். நம்ம பக்கம் பாருங்க, வட திருநெல்வேலி கிராமங்கள்ல கூடாரம் போட்டுத் தங்கி ஊழியம் செய்த ராக்லாண்ட், 1854-ல் பணியை ஆரம்பிச்சு 1858-ல் சிவகாசியிலேயே இறந்துட்டார். நாலே வருஷம்! அதுக்கப்புறம் தலைமுறை தலைமுறையா நம்பிக்கையைக் கைமாத்திவிட்டதுல வீடுகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

பைபிள்லயும் எபேசியர் 6:4 நேரா அப்பாக்களைப் பார்த்துத்தான் பேசுது. முதல்ல பிள்ளைகளுக்குக் கோபம் மூட்டாதீங்கன்னு சொல்லிட்டு, அப்புறம்தான் வளர்ப்பைப் பத்திச் சொல்லுது. பெல்ட்டைத் தூக்கிக்கிட்டு 'சர்ச்சுக்குக் கிளம்புடா'னு விரட்டற அப்பாக்கள் கவனிக்க!

அந்த ராத்திரி

2012 செப்டம்பர் 5. ஆசிரியர் தினம். நான் ரெண்டாம் கிளாஸ். சிவகாசி பக்கம் முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்துல 30-க்கும் மேற்பட்டவங்க இறந்துபோன நாள். அப்பா வேலை பார்த்தது வேற ஆலையில. ஆனாலும் ஃபோன் கிடைக்கலை. அம்மா வாசல்லயே நின்னாங்க. இருட்டின பிறகுதான் அப்பா வந்தார். சாப்பிடலை. எங்களைக் கூப்பிட்டுப் பக்கத்துல உட்கார வெச்சு, முதல் தடவையா ஜெபம் பண்ணினார். வீடு திரும்பாதவங்களோட பிள்ளைகளுக்காக. ரெண்டே வரி. அதுலயும் பாதியில குரல் அடைச்சுப்போச்சு.

அம்மா பண்ணின ஆயிரம் ஜெபத்துல எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. இந்த ரெண்டு வரி அப்படியே இருக்கு.

ஆனா, அடுத்த வாரமே பழையபடி டி.வி.! இத்தனை வருஷம் கழிச்சு, போன லீவுலதான் கேட்டேன்... "அன்னிக்குப் பண்ணீங்களே, ஏம்ப்பா நிறுத்திட்டீங்க?"

"உங்கம்மா மாதிரி அழகா எனக்கு வராதுடா. நீங்க சிரிப்பீங்கன்னு இருந்துட்டேன்."

ஷாக் ஆயிட்டேன். அப்பாவுக்கு அக்கறை இல்லைன்னுதானே இத்தனை நாளா நினைச்சேன்? வெறும் கூச்சம்!

அம்மா போதாதா?

போதாதுன்னு யார் சொன்னா? 1912-ல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் ஆன வேதநாயகம் சாமுவேல் அசரியா, பள்ளிப் பருவத்துலயே அப்பாவை இழந்தவர். அவரை வளர்த்து ஆளாக்கினது அம்மாதான். அப்பாவைப் பட்டாசுக்குப் பறிகொடுத்த வீடுகள் எங்க பக்கம் நிறைய. அங்கே அம்மாக்கள்தான் எல்லாமே. அதனாலதான் சொல்றேன்... அப்பா இருக்கிற வீட்ல, அவர் ஒதுங்கி உட்கார்ந்திருக்க வேணாமே! பிரசங்கமெல்லாம் வேண்டாம். பிள்ளைங்க பேரைச் சொல்லி ரெண்டு வரி. தப்பு செஞ்சா 'ஸாரிடா'னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

அப்பாவாவே ஆரம்பிக்கட்டும்னு காத்திருக்காதீங்க ஃப்ரெண்ட்ஸ். இன்னிக்கு ராத்திரி செல்போனைக் கீழே வெச்சுட்டு, நீங்களே கேளுங்க. திணறினா சிரிக்காதீங்க!

எங்க வீட்ல இப்போ ஞாயித்துக்கிழமை அப்பா டர்ன். இன்னமும் ரெண்டே வரிதான். ஆனா 'ஆமென்' மட்டும் பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும்!