ஐம்பது சதவீதம் என்றால், எதில் ஐம்பது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் வடபழனி முருகன் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் மார்க் ஷீட்டோடு வருகிறவர்கள் நிறையப் பேர். வேண்டுதல் பெரும்பாலும் இரண்டு. நல்ல காலேஜில் சீட் கிடைக்க வேண்டும், ஃபீஸ் கட்ட வழி பிறக்க வேண்டும். சீட்டுக்கு வழி சொல்ல ஊரே இருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணன், டியூஷன் மாஸ்டர், யூடியூப் நிபுணர்கள் என்று ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஃபீஸ் விஷயத்துக்குத்தான் ஆளில்லை. அந்த வெற்றிடத்தில் ‘மெரிட் ஸ்காலர்ஷிப்’ என்ற வாக்குறுதியோடு வந்து நிற்கின்றன தனியார் கல்லூரிகளின் அட்மிஷன் அலுவலகங்கள்.

ஏவி.எம்., பிரசாத், விஜயா வாஹினி என்று ஸ்டுடியோக்களைச் சுற்றி வளர்ந்த பகுதி இது. லைட்மேன், காஸ்ட்யூமர், மேக்கப் உதவியாளர், துணை நடிகர் என்று சினிமாவை நம்பிய குடும்பங்கள் வடபழனியிலிருந்து சாலிகிராமம் வரை நெருக்கமாக வாழ்கின்றன. ஷூட்டிங் இருந்தால் பேட்டா, இல்லையென்றால் கடன். சம்பளச் சீட்டு கிடையாது. ஆகவே வங்கி மேனேஜர் முன் கல்விக் கடனுக்கு உட்காரும்போது காட்டக் காகிதம் கிடையாது. இப்படிப்பட்ட வீட்டில் ஒரு பெண் நல்ல மதிப்பெண் எடுத்துவிட்டால், அந்த மதிப்பெண்தான் வீட்டின் ஒரே மூலதனம். அதை எங்கே போடுவது என்பதில் ஒரு தவறு நடந்தால் அந்தக் குடும்பம் பத்து வருடம் எழுந்திருக்க முடியாது.

அப்படி ஒரு வீட்டில் ஓர் ஆஃபர் லெட்டரைப் பார்த்தேன். அப்பா லைட்மேன். மகளின் இன்ஜினியரிங் கட் ஆஃப் 186. தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்று அவளுடைய மதிப்பெண்ணுக்காக ஐம்பது சதவீத ஸ்காலர்ஷிப் தருவதாக எழுதியிருந்தது. “பாதி ஃபீஸ் தள்ளுபடி சார். வெள்ளிக்கிழமைக்குள்ள முதல் தவணை கட்டலைன்னா சீட் வேற ஆளுக்குப் போயிடும்னு போன் பண்ணிட்டே இருக்காங்க” என்றார். நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போகத் தயாராக இருந்தார் அவர் மனைவி.

கடிதத்தை நிதானமாகப் படித்தோம். ஐம்பது சதவீதம் டியூஷன் ஃபீஸில் மட்டும். டியூஷன் ஃபீஸ் வருடத்துக்கு 3,00,000 ரூபாய், அதில் பாதி 1,50,000. தேர்வு, பயிற்சி, புத்தகம், பஸ், இதர கட்டணங்கள் என்று தனியாக 80,000. அதற்குச் சலுகை இல்லை. ஆக வருடத்துக்கு 2,30,000. நான்கு வருடத்துக்கு 9,20,000. கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், ஒவ்வொரு ஆண்டும் குறிப்பிட்ட சி.ஜி.பி.ஏ.வுக்குக் குறையாமலும் ஒரு அரியர்கூட இல்லாமலும் இருந்தால் மட்டுமே ஸ்காலர்ஷிப் தொடரும் என்று இருந்தது. முதல் வருடத்திலேயே அது நின்றுபோனால் மீதி மூன்று வருடத்துக்கும் வருடம் 3,80,000. மொத்தம் 13,70,000. கால்குலேட்டரில் இந்த எண் வந்தபோது அந்த அறையில் யாரும் பேசவில்லை.

அந்தப் பெண்ணுக்கு வேறு வழி இருந்தது. அவள் குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை. தமிழ்நாடு அரசு 2010-11 கல்வியாண்டில் கொண்டுவந்த முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை இவளைப் போன்றவர்களுக்கானது. ஒற்றைச் சாளரக் கவுன்சலிங்கில் சீட் எடுத்தால் டியூஷன் ஃபீஸில் கணிசமான பகுதியை அரசு ஏற்கும். வருமான வரம்பு கிடையாது. முதல் வகுப்பில் தேற வேண்டும், சி.ஜி.பி.ஏ. எட்டரை வேண்டும் என்றெல்லாம் கழுத்தில் கத்தி வைக்காது. கவுன்சலிங் சீட்டுக்குத் தனியார் சுயநிதிக் கல்லூரிகள் எவ்வளவு வாங்கலாம் என்பதையும் அரசு அமைத்த கட்டணக் குழுதான் நிர்ணயிக்கிறது. 2017-ல் அந்தக் குழு வைத்த தொகை, தர அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு 55,000, மற்றவற்றுக்கு 50,000. பஸ், தேர்வுக் கட்டணமெல்லாம் சேர்த்தாலும், முதல் பட்டதாரிச் சலுகையைக் கழித்துவிட்டால் அந்த ஒன்பது லட்சத்தில் பாதிகூட வராது.

ஆனால் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கவுன்சலிங்குக்குள் வருவதில்லை. அங்கே சேர்ந்தால் முதல் பட்டதாரிச் சலுகை போய்விடும். சுயநிதிக் கல்லூரியிலேயே மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தாலும் போய்விடும். ஐம்பது சதவீதம் கிடைத்தது என்று சந்தோஷப்படுகிற குடும்பம், கையில் இருந்த உரிமையைக் கொடுத்துத்தான் அதை வாங்குகிறது. இதை அட்மிஷன் அலுவலகத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். சொல்ல வேண்டிய பள்ளிகளும் பெரும்பாலும் சொல்வதில்லை.

காலண்டரைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். தனியார் பல்கலைக்கழகங்களின் நுழைவுத் தேர்வுகள் ஏப்ரலிலேயே தொடங்கிவிடுகின்றன. பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம். அண்ணா பல்கலைக்கழக வளாகக் கல்லூரிகளுக்கும் சேர்த்து நடக்கும் கவுன்சலிங்கோ ஜூலை, ஆகஸ்ட் என்று நீளும். இடைப்பட்ட இரண்டு மூன்று மாதம் பெற்றோருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும் காலம். கவுன்சலிங்கில் என்ன கிடைக்குமோ என்ற பயம் உச்சத்தில் இருக்கும்போது ஸ்காலர்ஷிப் கடிதம் வருகிறது, கெடு நாளோடு வருகிறது. கெடு வைப்பது மாணவரின் நன்மைக்காக இல்லை. சீட்டை நிரப்புவதற்காக.

எல்லா நிறுவனங்களையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை. வேலூர் வி.ஐ.டி. 2008-ல் தொடங்கிய ‘ஸ்டார்ஸ்’ திட்டத்தில், தமிழ்நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசுப் பள்ளியில் படித்து முதலிடம் பெறும் ஒரு மாணவருக்கும் ஒரு மாணவிக்கும் படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசம். அதே நிறுவனம் நுழைவுத் தேர்வில் முன்வரிசை ரேங்க் எடுப்போருக்கும் டியூஷன் ஃபீஸில் ஒரு பகுதியைக் குறைக்கிறது. வடபழனியில் ஒரு வளாகத்தை வைத்திருக்கும் எஸ்.ஆர்.எம்., நுழைவுத் தேர்வின் முன்வரிசைக்காரர்களுக்கு நிறுவனர் பெயரில் உதவித்தொகை வழங்குகிறது. ஸ்டார்ஸ் திட்டத்தை நான் மனமாரப் பாராட்டுவேன். மதிப்பெண்ணையும் தேவையையும் சேர்த்துப் பார்க்கிறது அது. நுழைவுத் தேர்வு ரேங்க்கை மட்டும் பார்க்கும் சலுகை அப்படியல்ல. லட்சக்கணக்கில் கட்டி இரண்டு வருடம் கோச்சிங் போன பிள்ளைக்கே அது பெரும்பாலும் போய்ச் சேரும். கட்ட முடிந்தவருக்குக் கட்டணம் குறைகிறது. கட்ட முடியாதவர் முழுசாகக் கட்டுகிறார். இதைத் தகுதிக்கான மரியாதை என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஸ்காலர்ஷிப்புக்குப் போடும் நிபந்தனை ஒரு வாழ்க்கையை எப்படி முறிக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே பெரிய சாட்சி உண்டு. 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார் சீனிவாச ராமானுஜன். கணக்கில் மூழ்கி மற்ற பாடங்களைக் கவனிக்காததால் தேர்வில் தோற்றார், உதவித்தொகை நின்றது. வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரி, அங்கும் தோல்வி. மறுபடி ஓர் உதவித்தொகை அவரைத் தேடி வர 1913 ஆனது. பட்டம் இல்லாத அவருக்கு, விதியைத் தளர்த்தி மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவி கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம். இடைப்பட்ட வருடங்களில் அவர் பட்ட வறுமையை நாம் எல்லோரும் அறிவோம்.

அப்துல் கலாம் கதையும் இங்கே, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் நடந்தது. அட்மிஷனுக்குத் தேவைப்பட்ட ஆயிரம் ரூபாய்க்கு அவருடைய அக்கா ஜோஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். பிறகு ஒரு விமான வடிவமைப்பு வேலையில் கலாமின் குழு பின்தங்கியபோது, மூன்று நாளில் முடிக்காவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்றார் பேராசிரியர் சீனிவாசன். கலாம் இரவெல்லாம் கண்விழித்து முடித்தார். பேராசிரியர் நேரில் வந்து பார்த்துத் தட்டிக்கொடுத்தார். தன் சுயசரிதையில் கலாம் இதை நன்றியோடுதான் சொல்கிறார். என் கண்ணுக்கு ஜோஹராவின் வளையல்தான் முதலில் தெரிகிறது. எழுபது வருடம் ஆன பின்னும் ஜூன் மாதத்தில் அடகுக் கடை வாசலில் அதே வளையல்கள் காத்திருக்கின்றன.

அரசு உதவிகளைப் பற்றி நம் பகுதியில் தெரிந்திருக்கும் அளவு மிகக் குறைவு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-ல் மருத்துவத்திலும் 2021-ல் இன்ஜினியரிங், சட்டம், வேளாண்மை போன்ற படிப்புகளிலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. அதில் சீட் எடுத்தால் டியூஷன், விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளி மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 செப்டம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய். மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட்டில் வந்தது. ஆயிரம் ரூபாயில் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் மாதக் கடைசியில் ஒரு பஸ் பாஸுக்கும் ஜெராக்ஸுக்கும் அல்லாடியவர்கள் இல்லை.

அரசுப் பள்ளியில் படிக்காதவர்களுக்கும் கதவு மூடிவிடவில்லை. மத்திய அரசின் உதவித்தொகைத் திட்டம் ஒன்று ஆண்டுக்கு 82,000 பேருக்குக் கிடைக்கிறது. பாதி மாணவிகளுக்கு. பிளஸ் டூவில் தன் போர்டில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்திருக்க வேண்டும். குடும்ப வருமானம் 4,50,000-க்குள் இருக்க வேண்டும். முதல் மூன்று வருடம் ஆண்டுக்கு 12,000 ரூபாய். தொடர்வதற்கு 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் போதும். இதுதான் மனிதர்கள் படிப்பதற்காகப் போட்ட நிபந்தனை. மாநில அரசின் கட்டணச் சலுகை வாங்குபவர்கள் இதையும் சேர்த்து வாங்க முடியாது என்பதால் எது லாபம் என்று கணக்குப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தொழில்நுட்பப் படிப்பில் சேரும் மாணவிகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ. தரும் பிரகதி உதவி ஆண்டுக்கு 50,000. வருமான வரம்பு 8 லட்சம். லைட்மேன் மகளுக்கு இந்தப் பெயரே புதிதாக இருந்தது.

அறக்கட்டளைகளையும் விட்டுவிட முடியாது. தி.நகரில் இயங்கும் அகரம் அறக்கட்டளை முதல் தலைமுறை மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. தன்னார்வலர்கள் வீடு தேடிப் போய் நிலைமையைப் பார்க்கிறார்கள். ஓர் ஓட்டு வீட்டின் ஒரே மின்விளக்கின் கீழே எடுத்த 480-ம், தனி அறையில் ஏ.சி.யில் எடுத்த 560-ம் ஒன்றுதானா என்று கேட்கத் தெரிந்த தேர்வு முறை அது. 2017-ல் தமிழ்நாடு அரசு பிளஸ் டூவில் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. பள்ளிகளின் விளம்பர வெறியை அது ஓரளவு தணித்தது. ஸ்காலர்ஷிப் கொடுப்பவர்களும் அந்த மனநிலைக்கு வர வேண்டும்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டுத் தவிக்கும் பெற்றோருக்கு ஒன்று. 2024-25 கல்வியாண்டுக்கு யு.ஜி.சி. சொன்னபடி செப்டம்பர் 30-க்குள் விலகினால் கட்டிய முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும்; அக்டோபர் 31-க்குள் என்றால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வருடத் தேதியையும் யு.ஜி.சி. அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்பது 2018-லேயே வந்த உத்தரவு. இரண்டையும் பிரின்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பேச்சின் தொனி மாறும்.

அரசிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. ஸ்காலர்ஷிப் என்று விளம்பரம் செய்யும் எந்தக் கல்லூரியும் நான்கு வருட மொத்தச் செலவு, சலுகை எந்தக் கட்டணத்துக்கு, எந்த நிபந்தனையில் நிற்கும், சென்ற வருடம் எத்தனை பேருக்கு இடையில் நின்றது என்பதைக் கடிதத்தின் முதல் பக்கத்திலேயே தமிழில் எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்த வேண்டும். கவுன்சலிங் முடியும்வரை முன்பணம் கேட்கக் கூடாது என்றும் விதி வேண்டும். கடைசி எண்ணிக்கையை எந்தக் கல்லூரியும் தானாக வெளியிடாது. அதைக் கேட்டு வாங்கும் அதிகாரம் அரசிடம்தான் இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை லைட்மேன் குடும்பம் பணம் கட்டவில்லை. கவுன்சலிங்குக்குக் காத்திருப்பது என்று முடிவு செய்தார்கள். அடுத்த நாள் காலை அப்பாவும் மகளும் இ-சேவை மையத்துக்குப் போய் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தார்கள்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருந்தால், அந்தக் குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால், இந்தச் சான்றிதழைப் பற்றி இன்றே சொல்லுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, குடும்பத்தில் படித்தவர்களின் டி.சி. நகல், உறுதிமொழி ஆகியவற்றை எடுத்துக்கொண்டு ரிசல்ட்டுக்கு முன்பே விண்ணப்பித்துவிடச் சொல்லுங்கள். இ-சேவை மையத்தில் அதற்கான கட்டணம் 60 ரூபாய்.