சந்தை விலை காட்டிய அப்பம்

இத்தாலிய உணவுகளுள் உலகெங்கும் பரந்து சென்றது பீட்சா. அட்டைப் பெட்டியில் வைத்துக் கடைக்காரர் தரும் பண்டமாகவே இன்று பலர் அதனை அறிவர். இன்ன பெயருடைய பீட்சாவிற்கு இன்னின்ன பொருள் என்று வகுத்த பட்டியலும் கடைதோறும் தொங்குகிறது. அதனால் வீட்டில் செய்ய முற்படுவோர், பட்டியலில் கண்ட பொருள் ஒன்று குறைந்தாலும் காரியம் கெட்டது என்று கைவிட்டுவிடுகின்றனர். பீட்சாவின் வரலாற்றை நோக்கின், இவ்வெண்ணம் தலைகீழானது என்பது புலப்படும்.

கயேத்தா நகரத்து இலத்தீன் ஆவணம் ஒன்றில் 997ஆம் ஆண்டிலேயே பீட்சா என்னும் சொல் காணப்படுகிறது. அக்காலப் பீட்சாவில் தக்காளி இருந்திருக்க முடியாது. அமெரிக்கக் கண்டத்துக்குரிய அது ஐரோப்பாவை அடைந்தது 16ஆம் நூற்றாண்டில்தான். இன்றைய வடிவத்தைத் தந்தவர்கள் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நேப்பிள்ஸ் துறைமுக நகரில் வாழ்ந்த ஏழை மக்கள். ஒற்றை அறையில் குடும்பமே ஒடுங்கியிருந்த வாழ்க்கை. பலர் தெருவில் வாங்கித் தெருவிலேயே நின்று உண்டனர்.

பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்சாண்டர் டூமா 1835இல் அந்நகரில் தங்கியிருந்தார். 1843இல் வெளிவந்த அவருடைய ‘கொரிக்கோலோ’ என்னும் பயண நூலில் பீட்சாவைப் பற்றி நல்லதொரு குறிப்பு உண்டு. எண்ணெய், பன்றிக்கொழுப்பு, பாலாடைக்கட்டி, தக்காளி, சிறுமீன் என வகைகளை அடுக்கும் அவர், சந்தை நிலவரத்தை அளந்து காட்டும் வெப்பமானியாகப் பீட்சாவைக் கருதினார். மீன்பாடு மிகுந்தால் மீன் பீட்சா மலியும்; ஒலிவ விளைச்சல் பொய்த்தால் எண்ணெய் பீட்சா விலையேறும். சமைப்பவர் விரும்பியது அப்பத்தின்மேல் ஏறவில்லை. அன்று கைக்கு எட்டியதே ஏறிற்று!

டூமா ஓரிடத்தில் சறுக்கினார். ‘எட்டு நாள் பீட்சா’ என்பது ஒரு வாரத்துக்கு முன் சுட்ட பழைய பண்டம் என எழுதிவிட்டார். உண்மையில், இன்று உண்டு எட்டு நாள் கழித்துக் காசு கொடுக்கும் கடன் முறைக்கே அப்பெயர். வித்தோரியோ தெ சிக்கா இயக்கிய ‘நேப்பிள்ஸின் பொன்’ என்னும் 1954ஆம் ஆண்டுத் திரைப்படத்தில், சோபியா லோரன் பீட்சா விற்பவராக வரும் பகுதியில் இவ்வழக்கத்தைக் காணலாம்.

விதிகள் பின்னர் வந்தவை. 1889இல் அரசி மார்கரீத்தாவுக்காக ராஃபாயேலே எஸ்போசித்தோ என்பவர் தக்காளி, மொசரெல்லா, துளசி இனத்தைச் சேர்ந்த பேசில் இலை ஆகிய மூன்றையும் இட்டுச் செய்தளித்தார் என்பது புகழ்பெற்ற கதை. அதற்குக் காட்டப்படும் சான்றினை ஐயுறும் வரலாற்றாசிரியரும் உளர். நேப்பிள்ஸ் முறையைக் காக்கும் சங்கம் 1984இல்தான் தோன்றியது. தொழில் மரபைக் காப்பது நன்றே. ஆயினும் அவ்விதிகளை வீட்டு அடுப்புக்குக் கட்டளையாகக் கொள்ள வேண்டுவதில்லை.

வீட்டில் அஞ்சத்தக்கது ஒன்றே, அது ஈரம். நேப்பிள்ஸ் விறகடுப்பின் வெப்பம் 430 பாகை செல்சியசுக்கும் மேல். பீட்சா 60 முதல் 90 வினாடிக்குள் வெந்துவிடும். வீட்டு மின்னடுப்புகள் பெரும்பாலும் 250 பாகையோடு நின்றுவிடும். அதில் சுமார் 10 நிமிடம் ஆகும். அவ்வளவு நேரமும் மேலே இட்ட காய்கள் நீர் விட்டுக்கொண்டிருக்கும். நீர் வற்றும்வரை அவ்விடத்தின் சூடு 100 பாகையைக் கடவாது. எனவே அப்பம் சிவக்காமல் களியாகிவிடும்.

ரொட்டிக்குரிய கோதுமை மாவு 500 கிராம், நீர் 310 மில்லி லிட்டர், உப்பு 10 கிராம், உலர்ந்த ஈஸ்ட் 3 கிராம் ஆகியவற்றை மிருதுவாகப் பிசைந்து மூடிவைத்தால், நம் நாட்டு வெப்பத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் இருமடங்காகும். குளிர்நாட்டுக் குறிப்பில் கண்ட நேரத்தை நம்பிக் காத்திருத்தல் ஆகாது. இம்மாவு நான்கு அப்பங்களுக்குப் போதும். மரப்பிடி இல்லாத கனத்த தோசைக்கல்லை மின்னடுப்பினுள் அரைமணி நேரம் காயவிட்டு, அதன்மேல் அப்பத்தை இட்டால் அடி நன்கு வேகும்.

இனி மேலே எதை இடுவது? காளானும் கத்தரிக்காயும் இருப்பின் முன்னரே வதக்கிக்கொள்ளலாம். கீரையை வெந்நீரில் வாட்டிப் பிழிந்துவிட வேண்டும். டின் சார்டின் மீனாயின் சாற்றை வடித்துவிட்டு உதிர்த்துத் தூவலாம். நேற்றைய கோழிக் குழம்பில் மிஞ்சிய இறைச்சியும் நன்றே. குழம்பை மட்டும் சட்டியிலேயே விட்டுவிடுக. உருளைக்கிழங்கைத் தாள்போலச் சீவி எண்ணெய் தடவி இடுவது உரோம் நகரத்தார் கையாளும் முறை. பாலாடைக்கட்டி இல்லையே என வருந்துவோர், தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் இவை மட்டுமே கொண்ட மரினாராவும் நேப்பிள்ஸ் பீட்சாவே என்பதை நினைவிற் கொள்க. எதுவாயினும் சிறிதளவே இடுக. குவித்து வைத்தால் வேகாது.

அன்னாசியை இடுவது தகுமா என்று வாதிடுவோர் பலர். 1962இல் கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் உணவகம் நடத்திய கிரேக்கர் சாம் பனோபூலோஸ், டின் அன்னாசியைப் பீட்சாவில் முதன்முதல் இட்டவராகக் கருதப்படுகிறார். விளையாட்டாகச் செய்து பார்த்தது என்று அவரே பின்னாளில் கூறினார். நம் சந்தையில் கிடைக்கும் புதிய அன்னாசியை இடுவோர், துண்டுகளை முதலில் வாணலியில் வாட்டிச் சாறு வற்றச் செய்துகொள்வது நலம்.