ஆலோசகரிடம் ஒப்படைக்கப்படும் அமானிதம்

போதைப் பழக்கத்திலிருந்து மீள விரும்பி ஆலோசகரை நாடி வருபவர், பெற்றோரிடமும் மனைவியிடமும் மறைத்தவற்றை அவரிடம் சொல்கிறார். சொல்லாவிடில் சிகிச்சை நடவாது. எனவே அவ்விரகசியத்தைப் பேணுவது ஆலோசகரின் பெருந்தன்மையன்று. அவருடைய தொழிலின் அடித்தளம். ஆலோசனை கேட்கப்படுபவர் அமானிதத்திற்குப் பொறுப்பானவர் என்னும் கருத்தில் திர்மிதீ முதலிய தொகுப்புகளில் வந்துள்ள ஹதீஸ் இவருக்கு முற்றிலும் பொருந்தும்.

நம் மஹல்லாக்களில் இதற்குச் சோதனை பெரும்பாலும் திருமணப் பேச்சின்போதே வருகிறது. "மாப்பிள்ளை உங்களிடம் வந்து போனாராமே?" என்று பெண் வீட்டார் கேட்கின்றனர். சொல்லிவிடலாம் என்போரிடம் வலுவான ஆதாரமே இருக்கிறது. தம்மைப் பெண் கேட்ட இருவர் குறித்து ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) வினவியபோது, நபி (ஸல்) அவர்கள் அவ்விருவரின் குறைகளையும் எடுத்துரைத்தார்கள். இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. புறம் பேசுதல் அனுமதிக்கப்படும் ஆறு இடங்களுள் திருமண ஆலோசனையையும் இமாம் நவவி (ரஹ்) எண்ணுகிறார்கள்.

ஆயினும் அங்கே வெளியிடப்பட்டவை, சிகிச்சைக்காக நம்பி ஒப்படைக்கப்பட்ட செய்திகளல்ல. உறவினரோ அண்டை வீட்டாரோ தாம் கண்டதைச் சொல்வது வேறு. ஆலோசகர் தம் அறைக்குள் கேட்டதைச் சொல்வது வேறு. ஒருவருடைய செய்தி கசிந்தால் அடுத்த இளைஞர் அவ்வாசலை மிதிக்கமாட்டார். அதற்காக, பெண் ஏமாற்றப்படுவதை வேடிக்கை பார்க்க வேண்டும் என்பதில்லை. நிகாஹுக்கு முன் உண்மையைத் தாமே சொல்லுமாறு அந்த இளைஞரை ஆலோசகர் வலியுறுத்த வேண்டும். அவர் இசைந்தால் உடனிருந்து விளக்கவும் செய்யலாம்.

இதில் நடைமுறை நுட்பமொன்று உண்டு. வராதவரைப் பற்றிக் கேட்கும்போது "இல்லை" என்றும், வந்தவரைப் பற்றிக் கேட்கும்போது மௌனமாகவும் இருந்தால், அம்மௌனமே பதிலாகிவிடும். ஆகவே, யாரைப் பற்றிக் கேட்டாலும் "இங்கு வந்தவர், வராதவர் எவரைப் பற்றியும் நாங்கள் சொல்வதில்லை" என்பதே விடையாக இருத்தல் வேண்டும்.

உயிருக்கு ஆபத்து நேருமிடத்தில் நிலை மாறும். குடித்துவிட்டுப் பள்ளி வாகனம் ஓட்டுபவர் எச்சரித்தும் நிறுத்தவில்லையெனில், அவரைத் தடுக்கக்கூடியவரிடம் சொல்லியாக வேண்டும். மது, போதைப் பொருள் தொடர்பான மனநிலைகளையும் உள்ளடக்கிய 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும், இரகசியத்தை நோயாளியின் உரிமையாக்கிவிட்டு, பிறரைத் தீங்கிலிருந்து காப்பதற்கு விலக்களிக்கிறது. அப்போதும், காப்பதற்குத் தேவையான அளவே சொல்லலாம். ஓட்டுநர் குடித்திருக்கிறார் என்பது போதும். அவர் குடிக்கத் தொடங்கிய கதை எவருக்கும் தேவையில்லை.